72-ஐ 300 ஆக்கினால் படம் தெளிவாகுமா?
ஒரு நண்பர், 72 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி) படத்தை போட்டோஷாப்பில் 300 என்று மாற்றிவிட்டால் அச்சுக்குத் தயார் என்று எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். அது சரியல்ல. அந்த எண், ஓர் அங்குலத்துக்குள் எத்தனை பிக்சலை, அதாவது படத்தை உருவாக்கும் சிறு புள்ளியை, அடுக்குவது என்ற குறிப்பு மட்டுமே. படத்தில் உண்மையில் இருப்பது பிக்சல்கள்தான். எண்ணை மாற்றுவதால் அவை கூடுவதில்லை.

நீங்களே பார்க்கலாம். 'இமேஜ் சைஸ்' பெட்டியைத் திறந்து, 'ரீசாம்பிள்' டிக்கை எடுத்துவிட்டு 72-ஐ 300 ஆக்குங்கள். பிக்சல் அளவு அப்படியே இருக்கும், அச்சு அளவு மட்டும் சுருங்கும். 1200×1800 பிக்சல் படம் 72-இல் சுமார் 17×25 அங்குலம். 300-இல் 4×6, அதாவது சாதாரண ஆல்பம் போட்டோ. அப்புறம், டிக்கை வைத்துக்கொண்டே மாற்றினால் பிக்சல் கூடத்தான் செய்யும். ஆனால் அவை பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள் ஊகித்து நிரப்பியவை; கேமரா பிடிக்காத கண் இமை முடி அதில் வராது.

போட்டோஷாப் இல்லையா? படத்தின் பிக்சல் நீள அகலத்தை 300-ஆல் வகுத்துப் பாருங்கள். கையில் பிடித்துப் பார்க்கும் அச்சுக்கு எத்தனை அங்குலம் தாங்கும் என்று தெரிந்துவிடும்.