விளக்கு அணையாவிட்டால் மலக்குழிக்குள் இறங்கலாமா?

‘எரியும் மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி மலக்குழிக்குள் இறக்குங்கள், அது அணையாவிட்டால் ஆள் இறங்கலாம்’ என்று வாட்ஸ்அப்பில் பரவும் அறிவுரை தவறானது மட்டுமன்று, உயிரைப் பறிக்கக் கூடியது.

சுடர் அணைவது உயிர்வளி வெகுவாகக் குறைந்ததைத்தான் காட்டும். மலக்குழியில் உருவாகி ஆளைக் கொல்லும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு காற்றில் 0.1 விழுக்காடு கலந்தாலே ஓரிரு மூச்சில் நினைவு தப்பிவிடும். அப்போதும் சுடர் எரிந்துகொண்டுதான் இருக்கும். அந்த வாயுவின் அழுகிய முட்டை நாற்றம் எச்சரிக்கும் என்றும் நம்ப முடியாது, ஏனெனில் மேற்சொன்ன அளவில் பத்திலொரு பங்கிலேயே மூக்கு மரத்துப்போய், நாற்றம் நின்றுவிட்டதாகத் தோன்றும். உள்ளே மீத்தேன் என்ற எரியும் வாயு தேங்கியிருந்தால் அந்தச் சுடரே வெடிப்புக்குக் காரணமாகும். விழுந்தவரைத் தூக்க அடுத்தடுத்து இறங்குபவர்களும் மாள்வது இதே நச்சுக்காற்றால்தான்.

‘தொழிலாளியே சம்மதித்தார்’ என்ற வாதமும் செல்லாது. பாதுகாப்புக் கருவிகளின்றி ஒருவரை மலக்குழிக்குள் இறக்குவதை கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறை விதிக்கலாம். இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் வழங்க வேண்டுமென 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அடைப்பெடுக்க உறிஞ்சு லாரியை அழையுங்கள், எவரையும் இறக்காதீர்கள்.