முதலில் ஆட்கள் கணக்கு
அலங்காரம், போட்டோ செலவைக் குறைத்தாலே கல்யாண பட்ஜெட் அடங்கிவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரி, ஆனால் கை கடிப்பது அழைப்புப் பட்டியல்தான். சாப்பாடு, நாற்காலி, மண்டபத்தின் அளவு எல்லாமே தலைக்கணக்கில் ஏறுபவை, 300 பேரை 240 ஆக்கினால் சாப்பாட்டுச் செலவில் மட்டுமே ஐந்தில் ஒரு பங்கு குறையும், பூவில் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் அந்த அளவு குறைவது கஷ்டம். யாரை விடுவது என்று வீட்டில் சண்டை வரும், அது வேறு கதை.

அப்புறம், ஒரு வருடத்தில் வேண்டிய பணத்தைப் பங்குச் சந்தையில் போடச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், தேதி நெருங்கும்போது சந்தை இறங்கினால் கல்யாணத்தைத் தள்ளி வைக்க முடியுமா? தனிக் கணக்கு ஒன்று போதும், சம்பளம் வந்த அன்றே ஒரு தொகை தானாக அதில் போய் விழட்டும்.

அட்வான்ஸ் கொடுக்கும்போது வரி சேர்த்தா தனியா, நேரம் கூடினால் எவ்வளவு, ரத்தானால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். வாயால் சொன்ன தொகையும் கடைசி பில்லும் ஒன்றாக இருந்து நான் பார்த்ததில்லை, அதனால் மொத்தத்தில் பத்து சதவீதத்தை யார் கண்ணிலும் படாமல் ஒதுக்கி வைப்பது நல்லது, முக்கியமாக மாமாக்கள் கண்ணில்.