மட்டக்களப்பின் ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை

வரும் ஆண்டில் எவற்றுக்கு முன்னுரிமை கொடுக்கப் போகிறோம் என்று பாராளுமன்ற உறுப்பினர்கள் அறிவிக்கும் காலம் இது. மட்டக்களப்பு மாவட்டத்தின் ஐந்து உறுப்பினர்களிடமும் நான் முன்வைக்க விரும்பும் கோரிக்கை ஒன்றுதான்: உங்கள் ஆண்டை இந்த மாவட்டத்தின் நாட்காட்டிப்படி வகுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆண்டு, பெரும்போக (மாரிகால) நெற்செய்கைக்கான ஆரம்பக் கூட்டத்தில் தொடங்குகிறது. விதைப்புத் திகதி, வயல்வெளிகளிலிருந்து மாடுகளை அகற்ற வேண்டிய திகதி ஆகியவை அங்கேதான் தீர்மானமாகின்றன. அந்தத் திகதிகளுக்கு முன்னரே கேட்கப்பட வேண்டிய கேள்விகள் பாராளுமன்றத்தில் பிந்திக் கேட்கப்படுவதால், அவை சரியான கேள்விகளாக இருந்தும் எவருக்கும் பயன்படாமல் போகின்றன.

நெல் விலையை எடுத்துக்கொள்வோம். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் உத்தரவாத விலையை அறிவித்தது. நாட்டு நெல் கிலோவுக்கு 120 ரூபாய், சம்பா 125, கீரிச் சம்பா 132. அந்த அறிவிப்பை வானொலியில் கேட்டபோது, வாவிக்கு மேற்கே படுவான்கரையிலுள்ள எங்கள் குடும்பத்து மூன்று ஏக்கர் வயலின் நெல், வயல் வரம்பிலேயே அதைவிடக் குறைந்த விலைக்கு வியாபாரியின் லொறியில் ஏறிப் போயிருந்தது. இயந்திரத்தால் வெட்டிய நெல் ஈரமாகவே கையில் வருகிறது. நெல் சந்தைப்படுத்தும் சபை ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படாத நெல்லைத்தான் அந்த விலைக்கு வாங்கும். காயவைக்கத் தளமில்லாதவர்கள் வீதியோரத்தில் பரப்புகிறார்கள். அதற்கும் இடமில்லாதவர்கள், அடகு வைத்த நகையின் வட்டியை எண்ணி, வந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். வரவுசெலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதம் வழக்கமாக நவம்பர், டிசம்பர் மாதங்களில் நடக்கிறது. விவசாய அமைச்சின் ஒதுக்கீடு எடுத்துக்கொள்ளப்படும் நாளில், விலை எந்தத் திகதியில் அறிவிக்கப்படும், களஞ்சியங்கள் எந்தத் திகதியில் திறக்கப்படும், உலர்த்தும் வசதி எந்தெந்தக் கமநல சேவை நிலையங்களுக்குக் கிடைக்கும் என்ற மூன்றையும் கேட்டு, பதிலைப் பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் பதியச் செய்ய முடியும். பெப்ரவரியில் ஆற்றும் உணர்ச்சிமிக்க உரையைவிட அது பெரிய உதவி.

அதைவிடக் கடினமானது மேய்ச்சல் தரை. வயல் விதைத்த பின் மாடுகள் ஊரோரத்தில் நிற்க முடியாது என்பதனால்தான், பரம்பரை பரம்பரையாக எங்கள் பண்ணையாளர்கள் தங்கள் பட்டிகளைச் செங்கலடி, கிரான் பிரதேசங்களின் மேற்கு எல்லையிலுள்ள மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் கொண்டுபோனார்கள். அங்கே வெளியிலிருந்து வந்தவர்கள் காடழித்துப் பயிர் செய்யத் தொடங்கிய பிறகு, சட்டப்படி வயலை விட்டு வெளியேற வேண்டிய மாட்டுக்குப் போக இடமில்லை என்ற நிலை உருவானது. மாடுகள் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் கிடந்த படங்களை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்தார்கள். எந்தக் கட்சிக்காரர் போய் அவர்களுடன் படம் எடுக்கவில்லை? மட்டக்களப்புத் தயிரைப் பற்றி நாம் ஊரெல்லாம் பெருமை பேசுகிறோம்; அந்தச் சட்டிக்குப் பாலைக் கொடுக்கிற மாடு எங்கே மேய்கிறது என்பதையும் நாமே பேச வேண்டும்.

அந்த நிலம் மத்திய அரசின் கீழுள்ள மகாவலி அதிகாரசபையின் ஆளுகைக்குள் வருவதால், மாவட்டச் செயலகத்தில் எத்தனை கூட்டம் நடத்தினாலும் முடிவு கொழும்பில்தான் கிடக்கிறது. ஆகவே இது சட்டம் இயற்றும் இடத்தில் இருப்பவரின் வேலை. எல்லை அளந்து, மேய்ச்சல் தரை என வர்த்தமானியில் பிரசுரிக்கச் செய்வதை அடுத்த ஆரம்பக் கூட்டத்திற்கு முன் முடிக்க வேண்டிய பணியாக ஐவரும் கூட்டாக ஏற்றுக்கொள்ள வேண்டும். 2024 நவம்பர் தேர்தலில் தமிழரசுக் கட்சிக்கு மூன்று, தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று, முஸ்லிம் காங்கிரஸுக்கு ஒன்று என இந்த மாவட்டம் ஐந்து ஆசனங்களையும் பகிர்ந்து கொடுத்தது. ஆளும் தரப்பில் இருப்பவருக்கு அமைச்சரின் கதவு திறந்திருக்கிறது. மற்ற நால்வருக்குக் கேள்வி கேட்கும் சுதந்திரம் இருக்கிறது. இரண்டும் ஒரே விடயத்திற்காகப் பயன்பட்டதை நான் இன்னும் பார்க்கவில்லை.

கிரான், புலிபாய்ந்தகல் வீதியைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு மாரியிலும் வெள்ளம் மூடி, மக்கள் படகில் போகிறார்கள். படகு வந்த நாளில் பார்வையிடப் போவதைவிட, சித்திரை மாதத்தில் மதிப்பீட்டையும் ஒதுக்கீட்டையும் கேட்பதே அவர்களுக்கு உதவும்.

இவற்றையெல்லாம் ஐந்து பேரிடம் மட்டும் கேட்க வேண்டியிருப்பதற்குக் காரணம், இவற்றில் பலவற்றைப் பார்க்க வேண்டிய மாகாண சபை இல்லாமல் போனதுதான். விவசாயம், கால்நடை வளர்ப்பு, பாடசாலைக் கல்வி, மாகாணத்திற்குள் அடங்கும் நீர்ப்பாசனம் ஆகியவை பதின்மூன்றாவது திருத்தத்தின்படி மாகாணத்தின் விடயங்கள். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30ஆம் திகதி முடிந்தது. அதன் பிறகு சனாதிபதி நியமிக்கும் ஆளுநரே நிருவாகத்தை நடத்துகிறார். நான் அதிபராக இருந்த இறுதி ஆண்டுகளில், படுவான்கரைப் பாடசாலையொன்றில் கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்ப் பதிலாள் வராதபோது, கடிதம் எழுத அதிகாரிகள் இருந்தார்கள். வாக்குக் கேட்டு மறுபடியும் என் வாசலுக்கு வரவேண்டிய ஒரு மாகாண அமைச்சர் இல்லை.

தேர்தல் நின்றுபோனது சட்டச் சிக்கலால். 2017இல் தேர்தல் முறையைத் தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறையாக மாற்றினார்கள். அதற்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் ஒரு வாக்குக்கூட ஆதரவாகப் பெறாமல் பாராளுமன்றத்தில் தோற்றது. பழைய விகிதாசார முறையில் நடத்துவதற்கான திருத்தம் தனி உறுப்பினர் சட்டமூலமாக ஏற்கெனவே வந்ததுதான். எங்கள் உறுப்பினர்கள் அதைச் சம்பிரதாயமாக ஆதரித்துவிட்டு நகராமல், ஒவ்வொரு அமர்வு வாரத்திலும் அது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுந்து நின்று கேட்க வேண்டும். கேட்ட திகதியையும் கிடைத்த பதிலையும் மாதம் ஒருமுறை தமது முகநூல் பக்கத்தில் தமிழில் வெளியிட வேண்டும். திறப்பு விழாப் படங்களுக்கு அங்கே இடமிருக்கிறது என்றால் இதற்கும் இடம் இருக்கும்.