சிறிய உணவகங்களை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

நகரத்தில் சென்று சாப்பிடத் தகுந்த எளிய உணவகங்களைத் தொகுத்திருக்கும் ஒரு கட்டுரையைப் படித்தேன்; அது பயனுள்ளதுதான். ஆனால் இணைய மதிப்பெண்களையும் உள்ளலங்காரத்தையுமே அளவுகோலாகக் கொண்டிருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அக்கம்பக்கத்தில் வேலை செய்பவர்கள் மதிய வேளையில் தொடர்ந்து வந்து சாப்பிடுகிறார்களா என்பதைத்தான் நான் முதலில் கவனிப்பேன். கூட்டம் குறையாத கடையில் சமைத்தது சூடு ஆறுவதற்குள் தீர்ந்துவிடும். சமைத்த உணவை அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேலான சூட்டில் வைத்திருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துவதை எண்ணிப் பார்த்தால், இந்த வேகம் சுவைக்கு மட்டுமன்றிப் பாதுகாப்புக்கும் எவ்வளவு துணைசெய்கிறது என்பது விளங்கும். கடையின் உணவுப் பட்டியலில் பத்துப் பன்னிரண்டு வகைகள் மட்டுமே இருப்பதும், தீர்ந்துபோனதன் பெயரைக் கரும்பலகையிலிருந்து அப்போதே அழித்துவிடுவதும் நான் பெரிதும் மதிக்கும் அடையாளங்கள். நூறு வகைகளை அச்சிட்டு வைத்திருக்கும் சின்னஞ்சிறு கடையில் அத்தனையையும் அன்றன்று புதிதாகச் சமைப்பது நடக்கிற காரியமல்ல. எந்தக் கடையில் எந்த நேரத்தில் எது அடுப்பிலிருந்து இறங்கும், வார விடுமுறை என்றைக்கு ஆகிய விவரங்களையும் கட்டுரையாசிரியர் சேர்த்துத் தந்தால், புதிதாகச் செல்பவர்கள் ஏமாற்றமடையாமல் இருப்பார்கள்.