வெயில் அன்றும்தான் அடித்தது, ஆனால்

சிலாங்கூரில் எங்கள் பத்தாங் பெர்ஜுந்தையில் நேற்று பசியாறப் போன இடத்தில், வெயிலும் வெள்ளமும் ஏன் இப்படிக் கூடுகிறது என்று பெரிய வாக்குவாதம். பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருந்தாலும் எங்களுக்குப் பழைய பெயர்தான் வாயில் வரும். மாமா ஒருவர், "1971-லயே கோலாலம்பூர் வெள்ளத்துல முங்குச்சு. வெயிலும் மழையும் எப்பவும் இருக்கிறதுதானே?" என்றார். ஒரு தம்பி, "எல்லாம் செம்பனையால வந்த வினை" என்றான்.

மாமா, வெள்ளம் அன்றும் வந்தது, சரி. ஆனால் 1958-இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது, காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 315 பங்குதான். இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. பூமியிலிருந்து வெளியேறும் சூட்டைப் பிடித்து வைக்கும் வாயு அது. சூரியன்தான் காரணம் என்றால் காற்றுமண்டலத்தின் மேலடுக்கும் சேர்ந்து சூடாகியிருக்க வேண்டும். அங்கே குளிர்ந்துகொண்டு வருகிறது. கீழே இருக்கும் சூடு முன்போல் வெளியேற முடியாமல் தங்குகிறது என்றுதானே அர்த்தம்? காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அது மழையாகக் கொட்டும்போது நம் வாய்க்கால் தாங்குமா?

தம்பி சொன்னதிலும் பாதிதான் உண்மை. கூடிய கரியமில வாயுவில் பெரும்பங்கு நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்ததால் வந்தது. ஆனால் நம் பக்கத்து ராஜா மூசா காட்டை மறக்க முடியாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தண்ணீரில் ஊறிக் கிடந்த கரிமண் அது. பயிர் வைக்க வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தால் காய்ந்து, மண்ணே எரிகிறது, அதிலிருந்தும் கரியமில வாயு கிளம்புகிறது. மேலே நெருப்பு தெரியாது. வேர் இடுக்கில் புகை கசியும், செருப்பு வழியாகச் சூடு ஏறும். அந்த வாடை துணியில் ஏறினால் இரண்டு முறை துவைத்தாலும் போகாது.

எனக்கு ஆதங்கம் வேறு. அம்மா பால்மரம் வெட்டிய காலத்தில், விடிகாலை மழை வந்து பால் வடியும் மங்கில் தண்ணீர் நிரம்பினால் அன்றைய பாலும் போச்சு, கூலியும் போச்சு. இப்போது மச்சான் செம்பனைக் குலை வெட்டுகிறார். நீண்ட கம்பில் கட்டிய அரிவாளோடு அண்ணாந்து நிற்கும் வேலை. போன மாதம் பதினொரு மணிக்குக் கண் இருட்டி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த நேரத்துக்குக் காசில்லை, வெட்டிய குலைக்குத்தான் கணக்கு. நிலக்கரி எரித்தவன் எங்கேயோ இருக்கிறான், அதன் வெயிலை மச்சான் தன் கூலியில் கட்டுகிறார்.

காரணம் தெரிந்துவிட்டது. இனி அதைப் பற்றியே அடித்துக்கொள்ள வேண்டாம். வெயில் உச்சத்தில் வேலையை நிறுத்தவேண்டும், நிறுத்திய நேரத்துக்கும் சம்பளம் வேண்டும், வெட்டுமிடத்துக்குத் தண்ணீர் வரவேண்டும். இதைத் தோட்ட நிர்வாகத்திடமும் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடமும் கேட்போம். மாமா, நீங்களும் வாங்க.