சங்கத் தேர்தலில் ஓட்டுப் போடாதவர் எதிர்ப்பாளர் ஆகிவிடுவாரா?

"அமெரிக்கத் தனியார் நிறுவனத்தில் தொழிற்சங்கம் வர மொத்த ஊழியர்களில் பாதிக்கு மேல் ஆதரிக்க வேண்டும், ஓட்டுப் போடாதவர்கள் எதிர்ப்பாகவே எண்ணப்படுவார்கள்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

அமெரிக்க அரசு அமைப்பான தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் நடத்தும் தேர்தலில் பதிவான செல்லத்தக்க வாக்குகள் மட்டுமே கணக்கு. ஓட்டுரிமை உள்ளவர்கள் 100 பேர், போட்டவர்கள் 60 பேர் என்றால் 31 வாக்கு போதும். 30-30 என்று சமமானால் சங்கம் தோற்கும். ஜெயித்தாலோ, வராத அந்த 40 பேருக்கும் சேர்த்தே பேரம் பேசும். 'போகாமல் இருந்தாலே எதிர்த்த மாதிரிதான்' என்று நம்பி வீட்டில் இருப்பவர் தன் முடிவை அடுத்தவர் கையில் கொடுத்துவிடுகிறார். ரயில்வே, விமான நிறுவனங்களுக்கு வேறு சட்டம். அங்கே 2010 வரை வராதவர் எதிர்ப்பாகத்தான் எண்ணப்பட்டார். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

தேர்தல் கேட்கவும் பாதிப் பேர் வேண்டாம், 30 சதவீதம் போதும். சங்கம் வேண்டும் என்று ஊழியர்கள் கையெழுத்தும் தேதியும் இட்ட அட்டைகள் வாரியத்துக்குப் போகும். நிறுவனம் தரும் ஊழியர் பட்டியலோடு வாரியமே ஒப்பிடும். யார் கையெழுத்திட்டார் என்று நிர்வாகத்துக்குக் காட்டாது. பயப்படுகிறவர்களுக்கு இதை முதலில் சொல்லுங்கள்.

பாதிக்கு மேல் அட்டை சேர்ந்தால், நிறுவனம் விரும்பினால் தேர்தல் இல்லாமலே சங்கத்தை ஏற்கலாம். அப்புறம், நிர்வாகத்தின் கடுமையான சட்டமீறலால் நேர்மையான தேர்தலே நடக்க முடியாமல் போனால், அந்த அட்டைகளை வைத்தே சங்கத்தோடு பேச்சுவார்த்தை நடத்த நிறுவனத்துக்கு வாரியம் உத்தரவிடலாம் என்று 1969-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அட்டையே ஆதரவாக எண்ணப்படலாம் என்பதால், அதில் உள்ள வாசகத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.