சம்ராட் பட்டம் முதலில் யாருக்கு?

வாட்ஸ்அப்பில் வந்தது: "வேதத்திலேயே சம்ராட் என்ற சொல் இருக்கிறது, ஆகவே அப்போதே பாரதம் முழுவதையும் ஒரே பேரரசர் ஆண்டார்." சொல் இருப்பது உண்மைதான். மற்றதெல்லாம் சொந்தச் சரக்கு.

ரிக் வேதத்தில் இந்தப் பட்டம் பெரும்பாலும் தேவர்களுக்கு, அதிலும் முக்கியமாக வருணனுக்கு. அதன் ஐந்தாம் மண்டலத்தின் (பகுதியின்) 85ஆம் சூக்தம், அதாவது பாட்டு, தொடங்குவதே சம்ராட்டான வருணனைப் பாடச் சொல்லித்தான். மனிதரில்? ஆறாம் மண்டலத்தில் அப்யாவர்த்தின் சாயமானன் என்று ஒரு தலைவன் வருகிறான், புலவருக்கு இருபது மாடு கொடுத்தான், பாட்டில் சம்ராட் ஆகிவிட்டான். பரிசில் வாங்கிய புலவர் எப்படிப் பாடுவார் என்று புறநானூறு படித்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம் பிராமணங்கள், அதாவது வேதச் சடங்குகளை விளக்கும் நூல்கள். சதபத பிராமணம் ராஜசூய வேள்வி செய்தால் ராஜா, வாஜபேய வேள்வி செய்தால் சம்ராட், சம்ராட்தான் உசத்தி என்கிறது. (அந்தக் கணக்குப்படி ராஜசூயம் வேட்ட நம் சோழன் பெருநற்கிள்ளி வெறும் ராஜாதான், பாவம்.) ஆனால் ஐதரேய பிராமணம் இதைத் திசைவாரியாகப் பிரிக்கிறது: கிழக்கே முடிசூடுபவன் சம்ராட், தெற்கே போஜன், மேற்கே ஸ்வராட், இமயத்துக்கு அப்பால் விராட், நடுவிலுள்ள குரு பாஞ்சாலத்தில் ராஜா. அதாவது ஊருக்கு ஊர் மாறும் பெயர், நம்மூரில் அம்பலம், நாட்டாமை என்பது போல.

எனக்கு ஐதரேயம் சொல்வதுதான் பொருத்தமாகப் படுகிறது. பிருகதாரண்யக உபநிடதத்தைப் பாருங்கள்: விதேக அரசர் ஜனகர் முன் யாக்ஞவல்க்கிய முனிவர் வந்து நிற்கிறார். மாடு வேண்டி வந்தீரா, நுட்பமான கேள்விகள் வேண்டி வந்தீரா என்று ஜனகர் கேட்க, மனிதர் கூசாமல் "இரண்டுக்கும்தான், சம்ராட்" என்கிறார். ஜனகருடைய விதேகம் இன்றைய வடபீகாரும் நேபாளத் தராயும் சேர்ந்த பகுதி. கிழக்குதான், ஆனால் பாரதம் முழுவதும் இல்லை.

மற்ற அரசர்களை அடக்கியவனே சம்ராட் என்ற பொருள் மகாபாரத சபா பருவத்தில் பளிச்சென்று தெரிகிறது. ஜராசந்தன் 86 அரசர்களைச் சிறைவைத்து, நூறாக்க இன்னும் 14 பேரைத் தேடுகிறான். அவனை வெல்பவன் நிச்சயம் சம்ராட் ஆவான் என்று கிருஷ்ணன் தருமனிடம் சொல்கிறான். அந்த ஜராசந்தனும் கிழக்குதான், மகதம்.

அதே மகதத்திலிருந்து ஆண்ட அசோகரை நாம் சம்ராட் அசோகர் என்கிறோம். அவரோ ராஜஸ்தானிலுள்ள பைராட் கல்வெட்டில் தன்னை 'மகத ராஜா பிரியதசி' என்பதோடு நிறுத்திக்கொண்டார், அதுவும் 'ர' 'ல' ஆகிவிடும் கிழக்கத்திப் பேச்சில், 'லாஜா' என்று.